செய்திக்குக் காசு: கூகுளும் பேஸ்புக்கும் பணம் கொடுக்கும் சட்டம் இங்கே வந்தால் மலையகத்துக்கு என்ன கிடைக்கும்?

கொட்டகலை வாசகர் | 2026 ஜனவரி 11, காலை

அவுஸ்திரேலியாவில் 2021 இல் சட்டம் போட்டு கூகுளையும் பேஸ்புக்கையும் செய்திக்குப் பணம் கொடுக்க வைத்தார்கள். கனடாவிலும் வந்துவிட்டது. இலங்கையில் ஏன் கேட்கக் கூடாது? ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை, பசறை பக்கம் இரண்டு மூன்று பேராக நடத்துகிற செய்திப் பக்கங்கள்தான் லயனில் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில்) தீப்பிடித்தாலும், சம்பளப் பேச்சு முறிந்தாலும், வீதியில் மண் சரிந்தாலும் முதலில் போடுகின்றன. அரை மணி நேரத்தில் கொழும்புப் பெரிய பக்கங்கள் அதே படத்தை எடுத்துப் போட்டு விடுகின்றன. விளம்பரக் காசோ வெளிநாட்டுக் கம்பனிக்குப் போகிறது. அவுஸ்திரேலியச் சட்டத்தை அப்படியே எடுத்து இங்கே நிறைவேற்றினால் போதும் என்பது என் கருத்து. விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள், சின்னப் பக்கம் ஒன்றுக்கு என்ன கிடைக்கும்?

சட்டக்கோவை | 2026 ஜனவரி 11, மதியம்

அப்படியே எடுத்தால் ஒன்றும் கிடைக்காது, தம்பி.

அந்தச் சட்டம் 2021 பெப்ரவரி 25 இல் நிறைவேறியது. ஆனால் அதன் கீழ் இன்றுவரை எந்தக் கம்பனியும் பெயர் குறிப்பிடப்படவில்லை. நிதியமைச்சர் ஒரு தளத்தை இன்னதென்று பெயரிட்டு அறிவித்தால்தான் கட்டாயப் பேச்சுவார்த்தை, மூன்று மாதத்தில் உடன்பாடு வராவிட்டால் நடுத்தீர்ப்பு, மீறினால் அபராதம் எல்லாம் தொடங்கும். அந்த அறிவிப்பு வந்துவிடக் கூடாது என்பதற்காகவே கூகுளும் பேஸ்புக்கும் சட்டத்துக்கு வெளியே தனித்தனி ஒப்பந்தங்கள் போட்டன. 2022 இல் திறைசேரி மீளாய்வு செய்தபோது முப்பதுக்கு மேற்பட்ட ஒப்பந்தங்கள் இருந்தன. தொகைகள் இரகசியம். யாரோடு பேசுவது, யாரை விடுவது என்பது கம்பனியின் விருப்பம். எஸ்பிஎஸ் என்ற அரச பல்மொழி ஒலிபரப்போடுகூட பேஸ்புக் ஒப்பந்தம் செய்யவில்லை. பல மொழிகளில், தமிழிலும், ஒலிபரப்புகிற நிறுவனம் அது.

2024 மார்ச் 1 இல் பேஸ்புக்கின் தாய்க் கம்பனியான மெட்டா கையை விரித்தது. இருக்கிற ஒப்பந்தம் முடிந்ததும் புதுப்பிக்க மாட்டோம் என்றது. தன் தளத்தில் மக்கள் பார்ப்பதில் செய்தி 3 வீதத்துக்கும் குறைவு என்பது அவர்கள் சொன்ன காரணம்.

கணக்கப்பிள்ளை | 2026 ஜனவரி 11, இரவு

தகுதி வரம்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவுஸ்திரேலியாவில் செய்தி நிறுவனம் பதிவு செய்ய வருட வருமானம் 150,000 அவுஸ்திரேலிய டொலரைத் தாண்டியிருக்க வேண்டும். டொலருக்கு 200 ரூபாய் என்று போட்டால் 3 கோடி ரூபாய். நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் தமிழில் நடக்கிற எந்த இணையச் செய்தித்தளம் அந்த வரம்புக்குப் பக்கத்தில் போகும்? அந்தச் சட்டத்தை வரி மாறாமல் மொழிபெயர்த்து இங்கே வைத்தால் வாசலிலேயே எல்லோரும் நிறுத்தப்படுவார்கள். உள்ளே போவது கொழும்பில் அச்சகமும் தொலைக்காட்சியும் வைத்திருக்கிற ஊடக நிறுவனங்கள் மட்டும்.

பதுளை நிருபர் | 2026 ஜனவரி 12

காசை ஒரு பக்கம் வைத்துவிட்டு இதைப் பாருங்கள்.

கனடாவின் ஒன்லைன் செய்திச் சட்டம் 2023 ஜூன் 22 இல் ஒப்புதல் பெற்றது. ஓகஸ்ட் 1 முதல் மெட்டா கனடா முழுவதும் பேஸ்புக்கிலும் இன்ஸ்டகிராமிலும் செய்தி இணைப்புகளை நிறுத்தியது. அதே ஓகஸ்டில் வடக்கே யெலோநைஃப் நகரமே காட்டுத்தீக்காக வெளியேற்றப்பட்டது, பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் ஆயிரக்கணக்கானோர் வெளியேறினார்கள். எந்த வீதி திறந்திருக்கிறது, எங்கே போக வேண்டும் என்ற உள்ளூர்ச் செய்தியைப் பேஸ்புக்கில் பகிர முடியவில்லை. மக்கள் செய்தியைப் படம் பிடித்து அந்தப் படத்தைப் போட்டார்கள். தடை இன்றும் நீங்கவில்லை.

அவுஸ்திரேலியாவில் 2021 பெப்ரவரியில் பேஸ்புக் ஒரு வாரம் செய்தியை நிறுத்தியபோது வானிலை நிலையத்தின் பக்கம், சுகாதாரத் திணைக்களப் பக்கங்கள், தீயணைப்புச் சேவைப் பக்கம் எல்லாம் சேர்ந்து வெறுமையாகின. எது செய்தி, எது அரச அறிவித்தல் என்று இயந்திரத்துக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலின்போது பதுளை, நுவரெலியா, கண்டி மாவட்டங்களில் நடந்ததை எல்லோரும் அறிவோம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிலையில் வருகிறது. பிரதேச செயலகப் பிரிவின் பெயரோடு மட்டும் வருகிறது. எந்தத் தோட்டம், எந்தப் பிரிவு, எந்த லயன், எந்தப் பாதை என்று அதைத் தமிழில் இறக்கிச் சொல்வது உள்ளூர்ப் பக்கங்கள்தான். அந்தப் பக்கங்களின் இணைப்பு ஒரு கம்பனியின் கோபத்தில் ஒரே இரவில் மறைந்தால் கொழும்பில் இருப்பவருக்குத் தொலைக்காட்சி இருக்கிறது. மேற்பிரிவில் மின்சாரம் போன லயனில் மிச்சம் இருப்பது கைத்தொலைபேசி மட்டும்.

சட்டம் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. நிறுத்தினால் என்ன ஆகும் என்பதை எழுதாத சட்டம் வேண்டாம்.

கொட்டகலை வாசகர் | 2026 ஜனவரி 12

அவுஸ்திரேலியச் சட்டம் வேண்டாம் என்பது விளங்குகிறது. வேறு எந்த வழியில் கேட்பது? பதிப்புரிமை வழியில் போகலாம்தானே? நம்முடைய செய்தியைத்தானே எடுக்கிறார்கள்.

சட்டக்கோவை | 2026 ஜனவரி 13

பதிப்புரிமை வழி இங்கே ஆரம்பத்திலேயே அடைபட்டிருக்கிறது. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், 8 ஆம் பிரிவைப் பாருங்கள். வெளியிடப்பட்ட அன்றாடச் செய்திக்குப் பாதுகாப்பு இல்லை என்கிறது. "இன்ன தோட்டத்தில் மண் சரிந்து வீதி மூடப்பட்டது" என்ற தகவலுக்கு யாரும் உரிமை கோர முடியாது. நீங்கள் எழுதிய கட்டுரையின் வசனம், நீங்கள் எடுத்த படம், காணொளி ஆகியவற்றுக்கு உரிமை உண்டு. ஆகவே கொழும்புப் பக்கம் படத்தை எடுத்துப் போட்டால் அது இன்றைய சட்டத்திலேயே கேட்கக்கூடிய விஷயம். அதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. பேஸ்புக்கில் பதிப்புரிமை முறைப்பாட்டுப் படிவம் இருக்கிறது. மூலப் படக் கோப்பை, எடுத்த நேரத் தகவலோடு, அழிக்காமல் வைத்திருப்பவருக்கு அது வேலை செய்யும். வாட்ஸ்அப்பில் சுருங்கி வந்த பிரதியை மட்டும் வைத்திருப்பவருக்குக் கடினம்.

ஐரோப்பாவில் இந்த வழியில் போனவர்கள் பட்டதைச் சொல்கிறேன். ஜெர்மனி 2013 இல் பதிப்பாளருக்குத் தனி உரிமை கொடுத்தது. கூகுள், "அனுமதி தராதவர்களின் செய்திச் சுருக்கத்தைக் காட்ட மாட்டோம், தலைப்பு மட்டும் காட்டுவோம்" என்றது. ஆக்செல் ஸ்ப்ரிங்கர் என்ற பெரும் நிறுவனமே இரண்டு வாரம்தான் தாக்குப்பிடித்தது. தேடலில் இருந்து வருகிறவர்கள் 40 வீதம் குறைந்தார்கள், கூகுள் செய்திப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் 80 வீதம் குறைந்தார்கள். கடைசியில் இலவச அனுமதி கொடுத்தார்கள். 2019 இல் ஐரோப்பிய நீதிமன்றம் அந்தச் சட்டத்தைச் செல்லாது என்றது, ஐரோப்பிய ஆணையத்துக்கு முறையாக அறிவிக்காததால்.

ஸ்பெய்ன் 2014 இல் அதைவிடக் கடுமையாகப் போனது. பதிப்பாளர் விரும்பினாலும் விட்டுக்கொடுக்க முடியாத கட்டாயக் கட்டணம். கூகுள் அந்த டிசம்பரிலேயே ஸ்பெய்னில் செய்திச் சேவையை மூடியது. திரும்பத் திறந்தது 2022 இல்.

இப்போதுள்ள ஐரோப்பிய விதி 2019 இல் வந்த பணிப்புரை, 15 ஆம் உறுப்புரை. அதில் வெறும் இணைப்புக்கும் மிகச் சிறிய மேற்கோளுக்கும் கட்டணம் இல்லை. ஆனால் நம்மவர்களுக்குத் தேவையான ஒரு வாசகம் அதில் இருக்கிறது: பதிப்பாளர் பெறுகிற பணத்தில் எழுதியவருக்கு உரிய பங்கு போக வேண்டும். இதை யாரும் இங்கே பேசக் காணோம். பிரான்ஸ் இந்த வழியில் ஓரளவு சாதித்தது. காரணம், பதிப்புரிமைச் சட்டத்துக்குப் பின்னால் பலமான போட்டி ஆணையம் நின்றது. 2021 இல் கூகுளுக்கு 50 கோடி யூரோ, 2024 மார்ச்சில் இன்னும் 25 கோடி யூரோ அபராதம். இரண்டாவது அபராதத்தில் செய்திகளை எடுத்துச் செயற்கை நுண்ணறிவைப் பயிற்றுவித்ததும் ஒரு குற்றச்சாட்டு. இங்கே நமக்கு இருப்பது நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை. அரிசி விலையோடும் பருப்பு விலையோடும் மல்லுக்கட்டுகிற சபை, கூகுளோடு மல்லுக்கட்ட ஆள்பலமும் அதிகாரமும் வேண்டும்.

கணக்கப்பிள்ளை | 2026 ஜனவரி 14

எவ்வளவு கிடைக்கும் என்று கேட்டாரே, அதற்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். தோராயம்தான், ஆனால் எதற்குப் பேசுகிறோம் என்ற அளவு தெரியும்.

கனடா அரசாங்கம் 2023 செப்டெம்பரில் வெளியிட்ட வரைவு ஒழுங்குவிதியில் ஒரு சூத்திரம் இருந்தது. தளத்தின் உலக வருமானத்தை எடு, உலகப் பொருளாதாரத்தில் கனடாவின் பங்கால் பெருக்கு, அதில் 4 வீதம். அதன்படி கூகுளுக்கு 172 மில்லியன் கனேடிய டொலர், மெட்டாவுக்கு 62 மில்லியன் என்று மதிப்பிட்டார்கள்.

இலங்கைக்கு அதே சூத்திரம்: கூகுளின் தேடல் வருமானம் 2022 இல் சுமார் 162 பில்லியன் அமெரிக்க டொலர். இலங்கையின் மொத்த உற்பத்தி 2023 இல் சுமார் 84 பில்லியன், உலக உற்பத்தி சுமார் 105 ட்ரில்லியன். நம் பங்கு 0.08 வீதம். பெருக்கினால் 130 மில்லியன், அதில் 4 வீதம் 5.2 மில்லியன் டொலர். டொலருக்கு 300 ரூபாய் என்றால் ஏறக்குறைய 155 கோடி ரூபாய்.

ஆனால் கனடாவுக்கே 172 கிடைக்கவில்லை. 2023 நவம்பர் கடைசியில் வருடத்துக்கு 100 மில்லியன் கனேடிய டொலர், பணவீக்கத்தோடு உயரும், என்று கூகுளோடு முடித்தார்கள். மெட்டாவிடம் இருந்து வந்தது பூச்சியம். அதே விகிதத்தில் இறங்கினால் நமக்கு 90 கோடி.

இனி அதைப் பிரிப்பதுதான் முக்கியம். கனடாவில் அரச ஒலிபரப்புக்கு உச்சம் 7 வீதம், மற்ற ஒலிபரப்பாளருக்கு உச்சம் 30 வீதம், மிச்சம் 63 வீதம் அச்சுக்கும் இணையத்துக்கும். அந்தப் பங்கு இங்கே 57 கோடி. பார்வை எண்ணிக்கைப்படி பிரித்தால், மலையகத் தமிழ்ப் பக்கங்கள் எல்லாம் சேர்ந்து நாட்டின் செய்திப் பார்வையில் அரை வீதம் என்று வைத்துக்கொண்டாலும் 28 இலட்சம். இருபது பக்கம் பங்கு போட்டால் ஆளுக்கு 1 இலட்சத்து 40 ஆயிரம், அதுவும் ஒரு முழு வருடத்துக்கு.

செய்தியாளர் எண்ணிக்கைப்படி பிரித்தால் கதை மாறுகிறது. நாடு முழுவதும் அந்தப் பங்குக்கு உரிய முழுநேரச் செய்தியாளர் 2,000 பேர் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். ஒருவருக்கு 2 இலட்சத்து 85 ஆயிரம். இரண்டு பேர் முழுநேரமாக வேலை செய்கிற ஹட்டன் பக்கத்துக்கு 5 இலட்சத்து 70 ஆயிரம். நான்கு மடங்கு வித்தியாசம். கனடா செய்வது இந்த இரண்டாவது முறை, பார்வைக்கு அல்ல, செய்தியாளருக்கு. இலங்கையில் யாராவது வரைவு எழுத உட்கார்ந்தால் முதலில் பார்க்க வேண்டியது மொத்தத் தொகையை அல்ல, பங்கு போடுகிற பிரிவை.

பதுளை நிருபர் | 2026 ஜனவரி 14, இரவு

அண்ணே, கணக்கு சரி. ஆனால் ஆளை எண்ணுகிற இடத்தில்தான் மலையகம் விழுந்து போகும். இங்கே முழுநேரச் செய்தியாளர் என்று சம்பளச் சீட்டு வைத்திருப்பவர் எத்தனை பேர்? பெரும்பாலானவர்கள் பிராந்தியச் செய்தியாளர்கள். செய்திக்கு இவ்வளவு, படத்துக்கு இவ்வளவு என்று பிரசுரமான பிறகு வருகிற காசு. பிரசுரமாகாத செய்திக்கு ஒன்றும் இல்லை. லுணுகலைக்கோ மடுல்சீமைக்கோ போய் வருகிற பஸ் காசு கணக்கில் வராது. சட்டம் "வேலைக்கு அமர்த்தப்பட்டவர்" என்று எழுதினால் இவர்கள் எல்லோரும் வெளியே. அவர்கள் எழுதுகிற செய்திக்கான பணம் கொழும்பு அலுவலகத்தின் ஆட்கணக்கில் போய்ச் சேரும்.

ஆகவே மணித்தியாலத்தில் எண்ண வேண்டும். வாரம் 40 மணி, வருடம் 50 வாரம், 2,000 மணி என்றால் ஒரு முழு ஆள். தகவல் வந்து, கிராம உத்தியோகத்தரிடமும் தோட்ட நிர்வாகத்திடமும் பொலிஸிலும் உறுதிப்படுத்தி, இடத்துக்குப் போய் வந்து, எழுதி, படத்தோடு அனுப்ப ஒரு செய்திக்குச் சராசரி மூன்று மணி என்று வைத்தால், வருடம் 200 செய்தி கொடுப்பவர் 600 மணி, அதாவது 0.3 ஆள். ஏழு பேர் அப்படி எழுதினால் இரண்டு முழு ஆளுக்கு மேல். கனடாச் சட்டத்தின் குறைந்தபட்சத் தகுதியும் இரண்டு செய்தியாளர்கள்தான். உரிமையாளரே செய்தியாளராக இருந்தால் அவரையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று அங்கே எழுதியிருக்கிறது. சின்னப் பக்கங்களுக்கு அந்த வாசகம் உயிர்.

கொட்டகலை வாசகர் | 2026 ஜனவரி 15

இந்த இரண்டு குறிப்பையும் அச்செடுத்து வைத்துக்கொண்டேன்.

சட்டக்கோவை | 2026 ஜனவரி 16

பேச்சுவார்த்தை என்ற சொல்லை மலையகத்தில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. தோட்டத் தொழிலாளர் சம்பளத்துக்கான கூட்டு ஒப்பந்தம் எப்படி நடந்தது என்று தெரியும். 2021 மார்ச்சில் சம்பள நிர்ணய சபை 1,000 ரூபாயை வர்த்தமானியில் போட்டதும் பெருந்தோட்டக் கம்பனிகள் கூட்டு ஒப்பந்தத்தை விட்டே விலகின. சம்பளம் கூடியது, ஆனால் ஒப்பந்தத்தில் இருந்த மற்றப் பாதுகாப்புகளுக்கு யார் பொறுப்பு என்ற கேள்வி அந்தரத்தில் நின்றது. கனடாவில் மெட்டா செய்ததும் அதே அசைவு. ஒரு தரப்பு எழுந்து போகக்கூடிய மேசையில், அது எழுந்து போனால் என்ன விலை கொடுக்கும் என்பது முன்கூட்டியே எழுதப்பட்டிருக்க வேண்டும்.

அவுஸ்திரேலியா இதைப் பிறகு உணர்ந்துதான் 2024 டிசம்பரில் வேறு முறையை அறிவித்தது. நாட்டில் 250 மில்லியன் டொலருக்கு மேல் வருமானம் உள்ள பெரிய தளங்கள் ஒரு கட்டணம் செலுத்த வேண்டும், செய்தி நிறுவனங்களோடு ஒப்பந்தம் போட்டால் அந்தக் கட்டணத்தில் கழித்துக்கொள்ளலாம். செய்தியை நிறுத்தினாலும் கட்டணம் நிற்காது என்பதுதான் இதன் பலம். தளத்தில் செய்தி இருக்கிறதா இல்லையா என்பதோடு கட்டணத்தைக் கட்டாமல் விட்டார்கள். நிறுத்துவதால் இலாபம் இல்லையென்றால் நிறுத்த மாட்டான்.

நடுத்தீர்ப்பு முறையிலும் ஒரு நல்ல விஷயம் அவர்களிடம் உண்டு. இரண்டு தரப்பும் ஒவ்வொரு தொகை எழுதிக் கொடுக்க வேண்டும். நடுத்தீர்ப்பாளர் இரண்டில் ஒன்றைத்தான் தெரிவு செய்யலாம், நடுவில் வெட்ட முடியாது. ஆகவே யாரும் அநியாயத் தொகை கேட்க மாட்டார்கள். நம்மிடம் 1995 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்க நடுத்தீர்ப்புச் சட்டம் இருக்கிறது, ஆனால் அது இரு தரப்பும் சம்மதித்து வருகிறவர்களுக்கு. கட்டாயமாக இழுத்து வருவதற்குத் தனி ஏற்பாடு வேண்டும்.

சின்னவர்கள் தனியாகப் போகக் கூடாது. அவுஸ்திரேலியாவில் நாட்டுப்புறப் பத்திரிகைகள் சங்கமாகச் சேர்ந்துதான் ஒப்பந்தம் பெற்றன. அப்படிச் சேர்ந்து பேசுவது போட்டிச் சட்டத்தை மீறாது என்று அங்கே முன்னதாகவே அனுமதி இருந்தது.

ஹட்டன் வீதி | 2026 ஜனவரி 17

தொழில்நுட்பப் பக்கத்தை யாரும் தொடவில்லை. சட்டம் நாளையே வந்தாலும் நம் பக்கங்களில் பாதி எண்ணப்படவே மாட்டாது.

முதல் காரணம் செய்தி அட்டை. தலைப்பையும் நான்கு வரியையும் படத்தின் மேல் எழுதிப் பேஸ்புக்கில் போடுவது. அதில் இணைப்பு இல்லை, எழுத்து இல்லை, படம் மட்டும். தேடுபொறிக்கு அது செய்தியாகத் தெரியாது. தளத்தில் ஒரு பக்கமாக, தனி முகவரியோடு, தேதியோடு, எழுதியவர் பெயரோடு இருந்தால்தான் "இது எங்கள் செய்தி, இத்தனை மணிக்கு வெளியானது" என்று காட்ட முடியும். ஆகவே பேஸ்புக் பக்கம் மட்டும் வைத்திருப்பவர்கள் சொந்தமாக ஒரு டொமைன் வாங்குங்கள். எளிய வேர்ட்பிரஸ் தளம் போதும். செய்தியைத் தளத்தில் முதலில் போட்டு, பிறகு அட்டையைப் பேஸ்புக்கில் போடுங்கள், இணைப்பை முதல் கருத்தில் ஒளிக்காமல் பதிவிலேயே வையுங்கள்.

இரண்டாவது எழுத்துரு. பழைய கோப்புகள் இன்னும் பாமினியில் கிடக்கின்றன. பக்க வடிவமைப்பாளர் பாமினியில் தட்டி பிடிஎப் ஆக்கி ஏற்றுகிறார். அதைத் தேடினால் ஆங்கில எழுத்துக் குப்பையாக வரும். யுனிகோட்டுக்கு மாற்றும்போது கொம்பு, துணைக்கால் இடம் மாறுவதும் ஸ்ரீ, க்ஷ போன்றவை உடைவதும் வழக்கம். மாற்றிய பிறகு ஊர்ப் பெயர்களையும் ஆட்பெயர்களையும் கண்ணால் ஒரு முறை பாருங்கள்.

மூன்றாவது, உங்கள் செய்தியில் எவ்வளவு வெளியே தெரியலாம் என்பதை இன்றே நீங்கள் அடக்கலாம். பக்கத்தின் தலைப்பகுதியில் மேக்ஸ்-ஸ்னிப்பெட் என்ற கட்டளை வைத்தால் தேடலில் காட்டும் சுருக்கத்துக்கு எழுத்து வரம்பு போடலாம். நோஸ்னிப்பெட் என்றால் சுருக்கமே வராது. தளத்தை யார் படிக்கலாம் என்று சொல்லும் ரோபோட்ஸ் கோப்பில் ஜிபிடிபொட், கூகுள்-எக்ஸ்டெண்டட் என்ற பெயர்களைத் தடுத்தால், செயற்கை நுண்ணறிவுப் பயிற்சிக்கு எடுப்பதை மறுத்ததாகப் பதிவாகும். ஒன்றைக் கவனியுங்கள்: கூகுள்-எக்ஸ்டெண்டட் என்பதைத் தடுத்தாலும் தேடலின் உச்சியில் வருகிற செயற்கை நுண்ணறிவுச் சுருக்கம் நிற்காது. அதை அடக்குவது ஸ்னிப்பெட் கட்டளைதான், அதை இறுக்கினால் சாதாரணத் தேடலிலும் உங்கள் செய்தி மெலிந்துவிடும். ஜெர்மன்காரர்கள் பட்ட பாடு மறுபடி. என் யோசனை, அவசரச் செய்திக்கு வரம்பே வேண்டாம். உழைத்து எழுதிய நீண்ட கட்டுரைக்கு மட்டும் வரம்பு வையுங்கள்.

பதுளை நிருபர் | 2026 ஜனவரி 17

அட்டையைப் பற்றி ஒன்று. கனடாவில் தடை வந்தபோது தப்பிப் பரவியது படமாக எடுத்த செய்திதான். ஆகவே அட்டையைக் கைவிட வேண்டாம். தளத்தில் ஒன்று, அட்டையில் ஒன்று, வாட்ஸ்அப்பில் ஒன்று என்று மூன்றும் இருக்கட்டும். கனடாவில் வாட்ஸ்அப்பில் இணைப்பு நிற்கவில்லை, அதுவும் மெட்டாவுடையதுதான் என்றாலும்.

கொட்டகலை வாசகர் | 2026 ஜனவரி 18

எனக்குப் பெரிய பயம் வேறு. யார் செய்தி நிறுவனம் என்று தீர்மானிப்பது யார்? 2011 நவம்பரில் ஊடக அமைச்சு செய்தித்தளங்கள் எல்லாம் பதிவு செய்ய வேண்டும் என்றது, சில தளங்கள் முடக்கப்பட்டன. 2024 பெப்ரவரி 1 முதல் இணையப் பதிவுகளைக் கட்டுப்படுத்தும் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் வேறு நடைமுறையில் இருக்கிறது. காசு தருகிறோம் என்று பட்டியல் எடுத்து, அந்தப் பட்டியலையே கட்டுப்பாட்டுக்குப் பாவித்தால்? தோட்டக் கம்பனிக்கு எதிராகவோ மலையகக் கட்சித் தலைவர் ஒருவருக்கு எதிராகவோ எழுதுகிற பக்கத்தின் பெயர் அடுத்த வருடப் பட்டியலில் இருக்குமா?

சட்டக்கோவை | 2026 ஜனவரி 19

நியாயமான பயம். அதனால்தான் பட்டியலும் பணமும் அமைச்சின் கையில் இருக்கவே கூடாது என்கிறேன். கனடாவில் கூகுளின் 100 மில்லியனை அரசாங்கம் தொடுவதில்லை. செய்தி நிறுவனங்கள் சேர்ந்து அமைத்த கூட்டமைப்பு ஒன்று பிரிக்கிறது. சட்டம் சரியாக நடக்கிறதா என்று மேற்பார்வை செய்வது ஒலிபரப்பு, தொலைத்தொடர்பு ஆணையம். அந்த ஆணையம்தான் 2024 ஒக்டோபரில் கூகுளுக்குக் கட்டாயப் பேச்சுவார்த்தையில் இருந்து ஐந்து வருட விலக்கு கொடுத்தது. இந்தோனேசியா 2024 இல் ஜனாதிபதி ஒழுங்குவிதி மூலம் போனபோதும் பத்திரிகைச் சபையைத்தான் நடுவில் வைத்தது. இங்கே 1973 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் உள்ள பத்திரிகைச் சபையை நடுவில் வைக்க நான் சம்மதிக்க மாட்டேன். உறுப்பினர்களை நியமிப்பது ஜனாதிபதி.

தகுதியை உள்ளடக்கத்தால் அளக்கக் கூடாது. அளக்கக்கூடியவற்றால் அளக்க வேண்டும். உரிமையாளர் பெயரும் முகவரியும் தளத்தில் உண்டா, திருத்தம் வெளியிடுகிற வழி உண்டா, கடந்த பன்னிரண்டு மாதத்தில் சொந்தமாகச் சேகரித்த செய்தி எத்தனை, செய்திக்கான மணித்தியாலப் பதிவு உண்டா. இவை எல்லாம் ஆம் அல்லது இல்லை என்று பதில் வருகிற கேள்விகள். "பொறுப்பான ஊடகம்" என்ற சொல் வரைவில் எங்கே வந்தாலும் வெட்டச் சொல்லுங்கள்.

கணக்கப்பிள்ளை | 2026 ஜனவரி 20

வரி வழியைப் பற்றி முதலில் எனக்கு ஆர்வம் இல்லை. இப்போது கொஞ்சம் மாறுகிறது. வெளிநாட்டுக் கம்பனிகள் இங்கே விற்கிற டிஜிட்டல் சேவைகளையும் 18 வீத வற் வரிக்குள் கொண்டுவர 2025 இல் சட்டத் திருத்தம் வந்தது. அந்தப் பணம் திறைசேரியின் பொது நிதிக்குப் போகும், செய்திக்கு ஒரு சதமும் ஒதுக்கப்படவில்லை. அதோடு, வற் வரியைக் கடைசியில் சுமப்பது விளம்பரம் போடுகிற உள்ளூர்க் கடைக்காரர். பேஸ்புக்கில் 5,000 ரூபாய்க்கு விளம்பரம் போடுகிற ஹட்டன் புடவைக்கடை 900 ரூபாய் கூடக் கொடுக்கும். தளத்தின் இலாபத்தைத் தொடுகிற கட்டணமும் இதுவும் ஒன்றல்ல. இரண்டையும் குழப்பிக்கொண்டு "ஏற்கனவே வரி போட்டாயிற்றே" என்று யாராவது சொன்னால் விடாதீர்கள்.

தென்னாபிரிக்காவையும் பாருங்கள். அங்கே போட்டி ஆணைக்குழு புதுச் சட்டம் இல்லாமலே, சந்தை விசாரணை என்ற வழியில், 2025 பெப்ரவரி இடைக்கால அறிக்கையில் கூகுள் வருடம் 300 முதல் 500 மில்லியன் ரான்ட் தர வேண்டும் என்று பரிந்துரைத்தது. பெரிய பத்திரிகைகளோடு சமூக ஊர்ப் பத்திரிகைகளையும் சிறிய மொழி ஊடகங்களையும் தனியாக எடுத்து விசாரித்தார்கள். மலையகத்தின் நிலைமைக்கு அவுஸ்திரேலியாவைவிடத் தென்னாபிரிக்கா கிட்ட.

ஹட்டன் வீதி | 2026 ஜனவரி 21

அந்த மணித்தியாலப் பதிவுக்கு ஒரு விரிதாள் போதும். நிரல்கள்: தேதி, செய்தியாளர், தோட்டமும் பிரிவும் அல்லது ஊர், பிரதேச செயலகப் பிரிவு, தகவல் வந்த நேரம், வெளியான நேரம், தளத்தின் முகவரி, செலவான மணி, பயணச் செலவு, கொடுத்த தொகை, பிறகு வேறு எந்தப் பக்கம் எடுத்துப் போட்டது. கடைசி நிரலில் திரைப்பிடிப்பின் (ஸ்கிரீன்ஷொட்) கோப்புப் பெயரை எழுதுங்கள். அன்றன்றே நிரப்புங்கள். மாதக் கடைசியில் நினைவில் இருந்து எழுதினால் எந்தக் கணக்காய்வாளரும் ஏற்க மாட்டார். மாதம் ஒரு முறை பிடிஎப் ஆக்கித் தேதியோடு மின்னஞ்சலில் இன்னொருவருக்கு அனுப்பி வைத்தால் பின்னால் திருத்தியதாக யாரும் சொல்ல முடியாது.

கொட்டகலை வாசகர் | 2026 ஜனவரி 22

பிரசுரமாகாத செய்திக்குச் செலவான மணியையும் எழுதுவதா?

ஹட்டன் வீதி | 2026 ஜனவரி 22

கட்டாயம். தனி நிறத்தில் எழுதுங்கள். உறுதிப்படுத்தப் போய் பொய்யென்று தெரிந்து கைவிட்ட செய்தியும் வேலைதான். மண்சரிவு வதந்திகளில் பாதி அப்படித்தான் நிற்கிறது.

பதுளை நிருபர் | 2026 ஜனவரி 24

நிறுத்தத்துக்கான பிரிவை எழுதிப் பார்த்தேன். சட்டக்கோவை ஐயா சட்ட நடைக்கு மாற்றித் தரட்டும்.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் ஒரு பிரதேச செயலகப் பிரிவுக்கு இரண்டாம் அல்லது மூன்றாம் நிலை எச்சரிக்கை விடுத்தால், அது நீங்கி 14 நாள் வரை, எந்தத் தளமும் பிணக்கைக் காரணம் காட்டி எந்தச் செய்தி இணைப்பையும் அந்த மாவட்டத்தில் மறைக்கக் கூடாது. மற்றக் காலங்களில் நிறுத்துவதானால் 60 நாள் முன்னறிவித்தல் மூன்று மொழியிலும் வேண்டும். நிறுத்தினாலும் கட்டணம் ஓடிக்கொண்டே இருக்கும். அரச திணைக்களம், வைத்தியசாலை, பிரதேச சபை, தொழிற்சங்கம் ஆகியவற்றின் பக்கங்களைச் செய்தி என்று கணக்கிட முடியாது.

14 நாள் ஏனென்றால் மழை விட்ட பிறகும் மண் நகரும், முகாமில் இருந்து எப்போது திரும்பலாம் என்ற செய்திதான் அந்த இரண்டு வாரத்தில் அதிகம் தேவை.

சட்டக்கோவை | 2026 ஜனவரி 25

"மாவட்டத்தில் மறைக்கக் கூடாது" என்று எழுதினால் இடத்தைக் கைத்தொலைபேசியின் ஐபி முகவரியால் கணிப்பார்கள். மலையகக் கைத்தொலைபேசிகள் பல, கொழும்பில் இருப்பதாகக் காட்டும். "இலங்கை முழுவதும்" என்று மாற்றுகிறேன். மற்றதெல்லாம் நிற்கட்டும். பிராந்தியச் செய்தியாளர் பங்குக்கு ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: நிறுவனம் பெறுகிற தொகையில், செய்திக்குக் காசு பெற்று எழுதுகிறவர்களின் பதிவான மணிக்கு உரிய பகுதி அறுபது நாளுக்குள் அவர்களுக்கே கொடுக்கப்பட வேண்டும். வீதம் என்னவென்று கணக்கப்பிள்ளை சொன்னால் எழுதிவிடலாம்.

கணக்கப்பிள்ளை | 2026 ஜனவரி 25, இரவு

குறைந்தது 50 வீதம். அதற்குக் கீழே போக வேண்டாம்.